கடைசித் தாள் இல்லாத கதைகள்

துவைத்த சேலையிலும், சீயக்காய் போட்டுக் குளித்த கூந்தலிலும்கூட என் அக்கா மாரியம்மாளிடம் வெடிமருந்து வாடை அடித்துக்கொண்டேயிருக்கும். 1950-களின் கடைசியில், தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவள், சிவகாசி அச்சகங்களிலிருந்து மூட்டையாக வரும் 'வேஸ்ட் பேப்பரில்' துப்பறியும் கதைத் தாள் ஏதாவது தட்டுப்பட்டால் இடுப்பில் செருகி எனக்குக் கொண்டுவருவாள். எழுத்துக் கூட்டத் தெரியாத அவளுக்கு, சாயங்காலம் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் நான் வாசித்துக் காட்டியாக வேண்டும். பங்களாவில் ஒருவர் செத்துக் கிடப்பார், துப்பறிகிறவர் வந்து இறங்குவார், அதோடு தாள் தீர்ந்துவிடும்.

"மிச்சம் எங்க?"

"அம்புட்டுதான்க்கா."

"அப்ப நீயே சொல்லு புள்ள. கொன்னவன் யாருன்னு தெரியாம எனக்கு உறக்கம் வராது."

சொன்னேன். ஒருநாள் சமையல்காரன், ஒருநாள் தம்பி. பிசகாக முடித்தால், "அவன் ஊருலயே இல்லன்னுல்ல மொதல்ல வாசிச்ச?" என்று பிடித்துக்கொள்வாள். அவளைப்போல் கண்டிப்பான வாசகர் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், தீபாவளி சீசனில், அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்து வேலை பார்த்த தகரச் செட்டு வெடித்தது. அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கு கொண்டுபோனவள் நான். ஆர்டர் முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாதென்று மேஸ்திரி கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்ததால், தூக்கை ஜன்னல் வழியாகத்தான் கொடுத்தேன். "வெயிலா இருக்கு, வெரசா வீட்டுக்குப் போ" என்றாள். நான் ஓடையைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் மேஸ்திரி, "கவனமில்லாத பிள்ளைக, மருந்தத் தவறவிட்டிருக்குங்க" என்றான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். "கதவுல கொண்டி..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா என் வாயைப் பொத்தி வீட்டுக்கு இழுத்துவந்தாள். அப்பாவும் சித்தியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். "பேசாத தாயி. இருக்கிறவுக பொழைக்கணும்ல" என்று, பெற்ற மகளான என்னைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பத்து வருஷம் பொத்திவைத்ததைத்தான் முதல் நாவலாக எழுதினேன். அதில் ஒரு சிறுமி கொண்டியைப் பார்த்திருந்தாள்; ஒரு இன்ஸ்பெக்டர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்; மேஸ்திரிக்கு விலங்கு விழுந்தது. புத்தகம் விற்றது, இன்னொன்று கேட்டார்கள், அப்படியே நான் துப்பறியும் கதைக்காரியாகிவிட்டேன். அந்த முதல் நாவலை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டியபோது, அவள் கேட்டாள்: "எழுதுனது நீதான? ஒங்கக்காவ வெளிய கொண்டாந்திருக்கலாம்ல?"

இப்போது அந்தச் செட்டு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. மேஸ்திரி வயதாகி, பேரன் பேத்திகள் சுற்றி நிற்க, தன் வீட்டுக் கட்டிலில் செத்துப்போனான். அம்மாவும் இல்லை. போட்டோ எடுத்துவைக்காத அக்காவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால், சில காலமாக என் முகம்தான் வருகிறது, நரைத்தும் சுருங்கியும். அவளுக்குப் பத்தொன்பது வயதுதான்.