கிராணியின் கைச்சூடு

முதலில் ஓர் ஒப்புதல். கடந்த எட்டு மாதங்களாக என் வலது உள்ளங்கையில் ஒரு சக்தி குடியிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே வேறு சொன்னேன்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. இதே பத்திரிகைப் பத்தியில் தாயத்து விற்பவர்களையும் தண்ணீர் மந்திரிப்பவர்களையும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கிண்டல் செய்திருப்பேன்? அதே ஆசாமிதான் ஈப்போவின் சிலிபின் பகுதியில், சொந்த வீட்டுக் கூடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தவர் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

தொடக்கம் கௌரவமாகத்தான் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். ஆபீசில் பக்கத்து மேசைச் சீன நண்பர், ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் மலையடியில் இருக்கும் ஒரு குகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே சனிக்கிழமை காலையில் லியோங் என்பவர் தியானம் சொல்லித் தருகிறார். காவி உடை, தாடி எல்லாம் இல்லை. ஈயம் தோண்டும் கப்பலில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் பனியன், காக்கி அரைக்கால் சட்டை. பேசுவது சந்தை மலாய்.

அவருடைய போதனை மொத்தமும் ஒரு தபால் தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "மூச்சு உள்ளே போகிறது, பார். வெளியே வருகிறது, பார். கால் வலிக்கிறதா? வலிக்கிறது என்று பார்." அவ்வளவுதான். புத்தரும் இதைத்தான் சொன்னார் என்பார். அதன்பிறகு தரையில் காலை நீட்டிக் குனிந்து, ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். கடைசியில் எழுந்து நின்று, கையை மெதுவாக ஏற்றி இறக்கி, 'ச்சி' என்று சீனர்கள் சொல்லும் உயிராற்றலை உடம்பெங்கும் ஓடவிட வேண்டும். நம்மூர்ப் பிராணன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாற்பத்தொன்பது வயது முழங்காலுக்கு இதெல்லாம் எளிதா? வலியில் உயிர் போனது. அதனால் வீட்டில் உட்காருவதற்கு முன் கைலியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சீன மருந்துக் கடைத் தைலத்தை இரண்டு முழங்காலிலும் நன்றாகத் தேய்த்துவிடுவேன். பிறகு லியோங் சொன்னபடி உள்ளங்கைகளை முழங்கால் மேல் வைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பார்ப்பேன்.

இப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது. உள்ளங்கையில் சூடு. முதலில் இளஞ்சூடு. பிறகு ஊசி குத்துவதுபோல், உச்சி வெயிலில் ஆற்றங்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பதுபோல்... என்ன சொல்ல, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சனிக்கிழமை லியோங்கிடம் ஓடினேன். "கையில் சூடு வருகிறது."

"வந்தால் வந்தது என்று பார்."

"அது ச்சி தானே?"

"சூடு," என்றார் அவர். காலை நீட்டிக் குனிந்துவிட்டார்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள் அல்லவா?

அடுத்து வந்தவர் வீராசாமி. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மனைவி அஞ்சலையோடு ஈப்போவுக்கு வந்து, பலகைக் கம்பெனியில் சேர்ந்தவர். நான் நீர் இலாகாவில் வெறும் கிளார்க். ஆனால் அவருக்கு நான் 'கிராணி'. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையில் பெயரைக் கூப்பிட்டு வேலை கொடுப்பதும் கிராணிதான், பெயரை வெட்டிக் கூலியை நிறுத்துவதும் கிராணிதான். தோட்டம் போய்ப் பதினைந்து வருடமாயிற்று. என்னைப் பார்த்தால் இன்னும் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிவிடுவார்.

பலகை தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று வந்தார். நான் தியானத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தேன். கை சுடச்சுட இருந்தது. வீணாக்குவானேன்? தோளில் வைத்தேன்.

பத்தே நிமிடம். "அண்ணே, விட்டுருச்சி," என்றார். தோளைச் சுழற்றிப் பார்த்தார். "என்னமோ மூலிகை வாசம்கூட வருதுண்ணே."

மூலிகை வாசம். அதை என் மனைவி சரஸ்வதியிடம் மூன்று முறை சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுவாரம் அஞ்சலை தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு வந்தாள். சளி பிடித்த குழந்தையை ஒருத்தி கொண்டுவந்தாள்; கை வைத்ததும் மூக்கு திறந்துகொண்டது. புந்தோங்கிலிருந்து பஸ் ஏறி ஒரு இடுப்புவலி வந்தது. போகும்போது நிமிர்ந்து போனது. புத்தருடைய மூச்சு, சீனருடைய ச்சி, நம்முடைய எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரே கூடத்தில். நான் விபூதியும் கொடுக்க ஆரம்பித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

இப்போது போன மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை எட்டு மணி. அஞ்சலை கைத்தாங்கலாக வீராசாமியைக் கூட்டி வந்தாள்.

"நெஞ்சு அமுக்குதாம்ணே. எடது கையெல்லாம் மரத்துப் போவுதுங்கிறாரு."

"ராத்திரி என்ன சாப்பிட்டாரு?"

"மொச்சைக் கொட்டைக் கொழம்பு."

"வாய்வு," என்றேன். இலாகாவில் கோப்பில் கையெழுத்துப் போடும் அதே வேகத்தில். "உட்காருங்க. பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வாரேன்."

உள்ளே போனேன். முழங்காலுக்குத் தைலம். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. சூடு வந்தது, முன் எப்போதும் இல்லாத சூடு. வெளியே வந்து, அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் கையை வைத்தேன். கண்ணை மூடினேன். இப்படிக் கால்மணி நேரம் ஆனது.

"எப்படி இருக்கு?"

"இருக்குண்ணே," என்றார். அது பதிலா? அப்போது பதிலாகத்தான் தெரிந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

காப்பி கொண்டுவந்த சரஸ்வதி தட்டைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"ஏங்க, கண்ணத் தொறந்து அவரு மூஞ்சப் பாருங்க."

பார்த்தேன். சட்டை முழுதும் நனைந்திருந்தது. முகம் சாம்பல். உதடு... அதை எழுத வேண்டாம். முக்கால்மணி நேரமாக அந்த மனிதர் எனக்கு முன்னால் செத்துக்கொண்டிருந்தார். நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கார எடுங்க," என்றாள் சரஸ்வதி.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் ஓர் இளம் டாக்டரம்மா வெளியே வந்து மலாயில் கேட்டார். "வலி எப்போது தொடங்கியது?"

"ஏழரை," என்றாள் அஞ்சலை.

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. "இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?"

"கிராணி கை வைத்திருந்தார்."

"எந்தக் கிராணி? எங்கள் பதிவுக் கவுண்டர் கிராணியா?" மலாயில் எந்தக் குமாஸ்தாவும் கிராணிதான்.

அஞ்சலை என்னைக் காட்டினாள். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைலி, நெற்றியில் விபூதி, வெறுங்கால்.

"மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது," என்றார். பிறகு, "அவர் நெஞ்சில் யார் தைலம் தேய்த்தது? தோல் சிவந்திருக்கிறது. அறை முழுக்க வாசம்."

"தைலமா? யாரும் தேய்க்கவில்லையே. நான் கைதான்..."

நிறுத்திக்கொண்டேன். கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனேன்.

என் எட்டு மாத ஆன்மிகமும் கற்பூர வாசனையோடு என் மூக்கில் ஏறியது. தோள்பட்டை, சளி, இடுப்பு... தைலம் வேறு எதைத்தான் குணமாக்கும்? அதற்காகத்தானே கடையில் விற்கிறான். நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டதற்கு மட்டும் அதை விற்பதில்லை.

சரஸ்வதி பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"மாசத்துக்கு மூணு டப்பா வாங்குறேன். எங்க போவுதுன்னு நெனச்சீங்க?"

"ஏன் சொல்லல?"

"தைலந்தான, என்ன கெட்டுப் போவுதுன்னு இருந்துட்டேன்," என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதுகூடப் பெரிய அதிர்ச்சி இல்லை. பெரியது அதற்குப் பிறகு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலையிடம் போய், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அவ்வளவு வலி இருந்திருக்கே. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அஞ்சலை?"

அவள் கோபப்படவில்லை. ஊரறிந்த சங்கதியை எனக்கு விளக்குவதுபோல் சொன்னாள். "தோட்டத்துல கிராணி சீட்டு எழுதிக் குடுத்தாத்தானண்ணே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீங்க போன்னு சொல்லல. அதான் உக்காந்திருந்தாரு."

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கையில் சக்தி இருந்தது உண்மைதான், ஐயா. ச்சி இல்லை, தைலமும் இல்லை. யாரோ ஒரு துரை காலத்தில், யாரோ ஒரு கிராணியின் பேனாவில் இருந்த அதிகாரம். அது எனக்கே தெரியாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை, அவர் நெஞ்சு நிற்கப் போகும் நேரத்தில், நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை லியோங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ஆளுக்கு வியர்த்ததா?" என்றார்.

"கொட்டியது."

"நீ பார்த்தாயா?"

"இல்லை."

"அப்படியானால் இரண்டு வருஷமாக என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?"

பதில் தெரிந்தவர்கள் எழுதிப் போடலாம். இப்போதும் தினமும் உட்காருகிறேன். தைலம் இல்லாமல். முழங்கால் வலிக்கிறது, வலிக்கிறது என்று பார்க்கிறேன். கையில் சூடு கீடு எதுவும் இல்லை. எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்களிடம் வாசலிலேயே கிளினிக்குக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன். சிலர் என் சக்தி போய்விட்டது என்கிறார்கள். மாமிசம் சாப்பிட்டேனாம்.

வீராசாமி பிழைத்துக்கொண்டார். வார்டில் போய்ப் பார்த்தபோது இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் பழைய கறுப்பு திரும்பியிருந்தது. நான் முகத்தைத்தான் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார், தடுத்தேன். தைலக் கதை முழுவதையும் சொல்லி, என்னால்தான் உங்களுக்கு இந்த நிலைமை, மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீராசாமி மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"கை வேணாம்ணே, அத நீங்களே வச்சிக்குங்க லா. அந்தத் தைலம் எந்தக் கடைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, தோளுக்கு நல்லா கேட்டுச்சி."