அய்யாவுக்கு எடுத்த மருந்து

எங்கள் கமுதிப் பக்கத்தில் கல்யாணமான ஆண் வீடு தங்காமல் அலைந்தால் அவனை யாரும் குற்றம் சொல்வதில்லை. எவளோ ஒருத்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். மருந்து என்பது முடி, சாம்பல், இன்னும் சொல்லக் கூசும் சில சாமான்கள். அதைத் தின்றவன் வைத்தவளின் வாசலை விட்டு நகரமாட்டானாம். வயிற்றில் ஒட்டிக் கிடக்கும் அந்த மருந்தை உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆண்களுக்கு இவ்வளவு சௌகரியமான வியாதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் அய்யா மிளகாய் வற்றல் மூட்டைகளைப் பரமக்குடியில் ரயிலேற்றி ராமேஸ்வரம் தீவுக்குக் கொண்டுபோய் விற்றுவந்தார். பாம்பனில் ரோட்டுப் பாலம் வராத காலம். தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருந்த ஒருவர் அவருக்குச் சிநேகிதர். இரண்டு நாளில் திரும்பவேண்டிய அய்யா பத்து நாள் அங்கேயே தங்கிவிடுவார். வரும்போது சட்டையில் கருவாட்டு வாசமும், முகத்தில் ஒரு தெளிவும் இருக்கும். அந்தத் தெளிவு எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்காது. எனக்கு ஒன்பது வயது. அய்யா அந்த முகத்தோடு எங்களிடமே இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அய்யா வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் இருந்ததைக் கவனிக்கவில்லையோ, இனி யாரிடமும் மறைப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாரோ, தெரியாது.

“எனக்கு அவரு கூடத்தான் இருக்கணும். சிநேகிதம், சிநேகிதம்னு சொல்லி அலுத்துப்போச்சு. புருசன் பொஞ்சாதி மாதிரித்தான் நாங்க. சின்ன வயசுலருந்தே எனக்குப் பொம்பளைக மேல மனசு போனதில்ல. உன் மேல ஒரு குத்தமும் இல்ல” என்றார்.

அம்மாவின் கை காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. “அப்ப என்னைய எதுக்குக் கட்டுனீக?”

“எங்கய்யாகிட்டச் சொல்லத் தைரியம் வரல.”

அம்மா மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை அழுதாள். கேட்டவர்களிடம் மிளகாய் எரிச்சல் என்றாள்.

மறுநாள் பெரியப்பா வந்து, தம்பி ஏன் வீடு தங்குவதில்லை என்று சத்தம் போட்டார். அய்யா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “தீவுல எவளோ மருந்து வச்சுட்டா மச்சான்.” நான் திகைத்துப்போனேன். சிலேட்டுக்குச்சியைத் தின்றுவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொன்னதற்கே என் முதுகில் ரெண்டு போட்டவள் அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அபிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். மருந்து எடுக்கும் அம்மாள் வெற்றிலைச் சிவப்பு வாயோடு அய்யாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். வெற்றுடம்போடு, பள்ளிக்கூடத்தில் அம்மைப்பால் குத்திக்கொள்ள நிற்கும் பிள்ளையைப்போல அவர் உட்கார்ந்திருந்தார்.

“எதுல வச்சா? சோத்துலயா, வெத்தலையிலயா?”

அய்யா அம்மாவைப் பார்த்தார்.

“மீன் கொழம்புல” என்றாள் அம்மா, பக்கத்தில் நின்று பார்த்தவள்போல.

அந்த அம்மாள் அய்யாவின் தொப்புளுக்கு மேலே ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினாள். மூன்றாம் தடவை பூவரச இலையில் எதையோ துப்பினாள். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஓர் உருண்டை. பெரியப்பா எட்டிப் பார்த்து, “ஏலே, பாத்தியா! இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டு நீ என்னடா பண்ணுவ பாவம்!” என்று தம்பியைத் தட்டிக்கொடுத்தார். அய்யாவின் கண் கலங்கியது. வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைக் கன்னிப்பிள்ளை கையால் தண்ணீரில் விடவேண்டும் என்றார்கள். இலையை என்னிடம் கொடுத்துக் கண்மாய்க்கு அனுப்பினார்கள். கண்மாயில் தண்ணீர் ஏது? வெடித்த தரையில் நின்று யோசித்தேன். அய்யா சொன்னதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் இத்தனை பேர் நம்பும் ஒரு பொருள் என் கையிலேயே இருந்தது. தீவில் வைத்ததால் அய்யா தீவுக்கு ஓடினார். எங்கள் வீட்டில் வைத்தால் எங்கே போவார்? உருண்டையைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உலை வைத்துச் சமைத்து, அய்யாவின் தட்டில் சோற்றைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனாள். நான் உருண்டையை நசுக்கிக் குழம்பில் தூவினேன். அய்யா போகக்கூடாது, போகக்கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே தூவினேன். நிமிர்ந்தால் அம்மா சொம்போடு நிற்கிறாள்.

என் கறுத்த விரல்களைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். முதுகை வளைத்துக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். குழம்பை விரலால் ஒரு தடவை கலக்கிவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் அய்யாவுக்கு முன்னால் வைத்தாள்.

பத்தாம் நாள் அய்யா துணிப்பையோடு ரயிலேறினார். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார், அதே கருவாட்டு வாசத்தோடு. மருந்தில் பாதி பாவாடையிலேயே ஒட்டிக்கொண்டதால்தான் பலிக்கவில்லை என்று நான் வெகுநாள் என்னையே நொந்துகொண்டேன். இன்றும் கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கும்போது அய்யா வேண்டும் என்று இருக்கிறது.

மருந்து என்ற கதையைக் கட்டியவளே அம்மாதான். அது வெறும் முடியும் சாம்பலும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவள் அன்றைக்கு அய்யாவுக்கு எதிரே உட்கார்ந்து, கடைசிக் கவளம் இறங்கும்வரை அவருடைய தொண்டையையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.