மாதிரித் தட்டுகளைத் தேடிய செல்லத்துரை அண்ணன்

மருந்தகத்தில் நான் கினைன் மாத்திரைகளைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தபோது தையற்காரர் மாணிக்கம் வாசலில் வந்து நின்றார். டன்லப் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை.

"அண்ணன் போயிட்டாருங்க," என்றார்.

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அண்ணன்தான் இருந்தார்.

சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்துவிட்டார்கள். செராங்கூன் ரோட்டில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கும் இந்த நாட்களில் திரு. செல்லத்துரை அவர்கள் நம்மை விட்டுப் போனார். அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் வந்து துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக அமர்ந்தவர் அவர். நாரிஸ் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் மனைவி பரமேசுவரி அக்காவுடன் குடியிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மடித்த குடை, சிடுசிடுப்பு. முதல் பார்வையில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

போருக்கு முன்பு செராங்கூன் ரோட்டில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடையில் நாங்கள் சந்தித்தோம். வெள்ளை லேபிள் ஒட்டிய ஒரு தட்டை நான் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, விற்பனைக்கல்ல எண்டு அதிலை போட்டிருக்கு. வாசிக்கத் தெரியாதோ?"

நான் வைத்துவிட்டேன். உடனே அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய், தனக்குத் தந்துவிடும்படி கெஞ்ச ஆரம்பித்தார்.

அந்த வெள்ளை லேபிள்தான் அவருடைய வாழ்நாள் ஆசை. இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு புதுப் பாட்டைப் பதிவு செய்ததும் முதலில் கொஞ்சம் மாதிரித் தட்டுகளை மட்டும் அழுத்திக் கடைகளுக்கு அனுப்பும். கடைக்காரர்கள் போட்டுக் கேட்டு ஆர்டர் கொடுத்தால் பாட்டு சந்தைக்கு வரும். ஆர்டர் போதாவிட்டால் வராது. அந்த மாதிரித் தட்டு ஏதாவது காப்பிக்கடைக்கோ கல்யாண வீட்டுக்கோ இனாமாகப் போய்க் காணாமல் போகும். அப்படிக் காணாமல் போன குரல்கள்தாம் அண்ணனுக்கு வேண்டும்.

தேடுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. "பாட்டைச் சொல்லிக் கேட்டுத் திரிஞ்சால் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. இந்தத் தெருவிலை ஆருடைய வீட்டிலை பாட்டுப்பெட்டி இருந்தது எண்டு கேளுங்கோ. அதை ஒருத்தரும் மறக்கமாட்டினம்," என்பார். ஒருமுறை பஃபலோ ரோட்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போய், இறந்தவர் யாரென்றே தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழும்போது மெல்ல அவருடைய பாட்டுப்பெட்டியைப் பற்றி விசாரித்தார். அடிக்காமல் அனுப்பினார்கள். தேடிக் கிடைத்த தட்டை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். இரவலென்ற சொல்லே அவர் வீட்டில் கிடையாது.

மாணிக்கத்தின் மனைவி ராஜாமணி அம்மாள் நாடக நடிகை. ஊரிலிருந்து ஒரு நாடகக் கம்பெனியோடு வந்து, அது கலைந்தபின் இங்கேயே தங்கிவிட்டவர். பதிவுக் கருவிகளோடு சிங்கப்பூருக்கு வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு முருகன்மேல் ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்திருந்தார். அது மாதிரித் தட்டோடு நின்றுபோயிற்று. விஷயம் தெரிந்ததும் அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு அவர்கள் கடைக்குப் போனார்.

"பாடுனது நானு. எனக்கே ஒண்ணு குடுக்கலைங்க. கடைக்காரங்களுக்கு மட்டுந்தான்னுட்டாங்க," என்று அந்த அம்மாள் சிரித்தார்.

"நான் கண்டுபிடிச்சு ஒருக்கால் போட்டுக் காட்டுறன். பிறகு தட்டை நான்தான் வைச்சிருப்பன்," என்றார் அண்ணன். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் கண்டுபிடிப்பதற்குள் போர் வந்துவிட்டது. குண்டு விழுந்த ஒரு காலையில், அரிசிக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே ராஜாமணி அம்மாள் இறந்துபோனார். சில வாரங்களில் நகரமும் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஊருக்கு அவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு வீங்கினோம். திடகாத்திரமான ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். வராதவர்களைத்தான் அதிகம் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒருநாள் மாணிக்கம் அண்ணனிடம் சொன்னார்: "மொகம் ஞாபகம் இருக்குதுண்ணே. கண்ண மூடினா வருது. குரல் மட்டும் வரமாட்டேங்குது."

அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும், "அந்தத் தட்டு இனி எனக்கில்லைத் தம்பி. அந்த ஆளுக்கு," என்றார். ஒரு தட்டைப் பிறருக்கென்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுபடி தேடினார். தட்டுக் கடை முதலாளி போருக்கு முன்பே இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கே வேலை பார்த்த ஒருவர் தேக்கா மார்க்கெட் வாசலில் சுருட்டு விற்றுக்கொண்டிருந்தார். மாதிரித் தட்டுகளை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவரிடம் கொடுத்ததாக அவருக்கு நினைவிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் வீட்டில் அந்தத் தட்டு தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது.

"இந்தப் பழசா? எடுத்துக்கங்க லா. ஆனா அரிசி ஏதாச்சும் குடுங்க, புள்ளைங்க பட்டினி," என்றார் அவர்.

அண்ணன் தம் வீட்டுப் பங்கு அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தார். "சோத்தைக் குடுத்துப் பாட்டு வாங்கின மனிசன் உலகத்திலை இவர் ஒருத்தர்தான்," என்று அக்கா எங்கள் முன்னாலேயே சொன்னார். ஆனாலும் தட்டைத் துடைக்கப் பழைய சேலைத் துணி கிழித்துக் கொடுத்தவர் அவரே.

ஒரு பிற்பகல் நாங்கள் மூவரும் அண்ணன் வீட்டில் கூடினோம். ஜன்னல்களைச் சாத்தினோம். மாதிரித் தட்டு என்பதால் தொடக்கத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். புதிய குரல், நல்ல விற்பனையாகும், சீக்கிரம் ஆர்டர் கொடுங்கள் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லும் சிறிய பேச்சு. அது முடிந்ததும், ஆர்மோனியம் தொடங்குமுன், ராஜாமணி அம்மாளின் பேச்சுக் குரல் கேட்டது.

"பாடலாங்களா?"

மாணிக்கம் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "ஆரம்பத்திலேருந்து போடுங்கண்ணே," என்றார். அண்ணன் ஆங்கிலத்தைத் தாண்டி முள்ளை வைக்கப் பார்த்தார். வைத்தால் அந்த ஒரு சொல்லும் தாண்டிப் போயிற்று. அதனால் முதலிலிருந்தே போட்டார். பலமுறை போட்டார். ஆங்கிலச் சத்தம் வெளியே போனால் எதிரி வானொலி என்று பிடிப்பார்களென்று நான் எச்சரித்தேன். "ஒருக்கால், இன்னும் ஒருக்கால்," என்றார்.

ஆங்கிலப் பேச்சைக் கேட்டது யார், போய்ச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. சில நாட்களில் ஜப்பானியச் சிப்பாய்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். எதிரி வானொலி எங்கே என்று கேட்டுத் தரைப் பலகைகளைப் பெயர்த்தார்கள். அண்ணன் தட்டைக் காட்டி விளக்கினார். தட்டையும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

யாரெல்லாம் கேட்டார்கள் என்பதுதான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. "நான் ஒருத்தன்தான் கேட்டனான்," என்பதே அவர் பதில். பல மாதங்கள் அதே பதில். நானும் மாணிக்கமும் இன்று உயிரோடிருப்பது அந்த ஒரு வாக்கியத்தால்.

விட்டபோது அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலது காது முற்றாகப் போயிருந்தது. மற்றதில் ஓயாத இரைச்சல். கால்கள் வீங்கி நீர் கட்டியிருந்தன. என்னிடமிருந்த மருந்துகள் எதற்கும் போதவில்லை.

மாணிக்கம் வந்து காலடியில் உட்கார்ந்து அழுதார். "என்னாலதானேண்ணே."

அண்ணன் அவரை இடது காதுப் பக்கமாக வரச் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவரை உட்காரவைத்து, எதிரிலேயே அந்தத் தட்டைப் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர், இது வெறும் வியாபாரப் பேச்சு என்று சொல்லியும் அதிகாரி நம்பவில்லை.

"அவங்கடை பெட்டி நல்ல பெட்டி, மாணிக்கம். எங்கடையிலை கேக்காதது அதிலை கேட்டுது. பாடலாங்களா எண்டு கேட்ட பிறகு, உங்கடை மனுசி ஒரு மூச்சு எடுக்கிறா. பயந்த மூச்சு. பிறகுதான் பாட்டு. அதை உங்களிட்டைச் சொல்லோணும் எண்டுதான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

"தட்டு?" என்று நான் கேட்டேன்.

"பாட்டு முடிய உடைச்சுப்போட்டாங்கள். பிறகுதான் காதிலை அடிச்சாங்கள்."

அதன்பின் அவர் தம் பாட்டுப்பெட்டியைத் திறக்கவே இல்லை. ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த அன்று தெருவெல்லாம் ஆரவாரம். அக்கா சைகையால் விளக்கினார். அவர் தலையசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில வாரங்களில் இருதயம் நின்றது.

சாவு வீட்டில் கோடித் துணி இல்லை. ஊரிலேயே புதுத் துணி இல்லை. கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு போன எத்தனையோ பேரை இந்தத் தெருக்கள் பார்த்துவிட்டன. மாணிக்கம் கடைக்குப் போனார். கோட்டுகளுக்கு உள்ளே கொடுக்கும் வெள்ளைத் துணியின் மிச்சங்களை, கையகலத் துண்டுகளைக்கூட, ஒன்றுசேர்த்துத் தைத்து முழு வேட்டியாக எடுத்துவந்தார். அண்ணன்மேல் போர்த்திவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"தையல் தெரியுதாக்கா?"

நெஞ்சிலும் வயிற்றிலும் கால்களிலும் தையல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியேல்லைத் தம்பி," என்றார் அக்கா.

அந்த வேட்டியோடுதான் அவரைத் தூக்கினோம். போய் வாருங்கள், அண்ணா. உங்கள் காதுகளுக்கு இனியாவது அமைதி கிடைக்கட்டும்.