நின்றால் வடிவில்லாத சட்டைகள்

நிற்கிற ஆளுக்குச் சட்டை தைப்பது தொழில். ஓடுகிற ஆளுக்குத் தைப்பது தலையெழுத்து. அயலவருக்கு ஆசையோடு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, "கையைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம்" என்று பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், கிட்ட வந்து இருங்கள். நான் பட்டதைக் கேட்டால் உங்கள் மனம் கொஞ்சம் ஆறும்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முன்னர் கொழும்பில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஸ்கேட்டிங் மண்டபம் இருந்தது. பலகைத் தரை, சுற்றிவரக் கைபிடி. நம்மவர்கள் சில்லுச் சப்பாத்து என்று சொல்லும் ஸ்கேட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு முதலில் வெள்ளைக்காரர் வட்டமடித்தார்கள், பிறகு கலப்பு வம்சத்துப் பறங்கியர், அதன் பிறகு நாங்கள். வருட முடிவில் பாண்ட் வாத்தியத்தோடு பெரிய காட்சி நடக்கும். அந்தக் காட்சிக்கு உடுப்பு வரைந்து, வெட்டி, தைத்தவள் நான். கொட்டாஞ்சேனைக் கன்னியர்மடத்தில் தையல் பழகி, வெள்ளவத்தையில் ஓர் அரசாங்கக் கிளாக்கருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம்தான் உண்டு. ஸ்கேட்டிங் சட்டை நிற்கும்போது சோர்ந்து தொங்கவேண்டும், ஓடும்போதுதான் விரியவேண்டும். நிற்கும்போதே விரிந்து நிற்கிற பாவாடை, ஓடும்போது சில்லுக்குள் போய் ஆளை விழுத்தும். அதனால் பின்பக்கத்தில் மடிப்புகள் வைத்து, நிறத்தையெல்லாம் அதற்குள் ஒளித்துவிடுவேன். நான் தைத்ததிலே சிறந்தது மயில் சட்டை. சும்மா பார்த்தால் கறுத்த நீலத்தில் ஒரு பாவாடை. வேகமெடுத்துத் திரும்பினால் உள்ளேயிருந்து பச்சையும் பொன்னுமாகத் தோகை எழும்பும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? ஆனால் கொழும்பில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

புடவைக் கடையில்

ஓடும்போது துணி எப்படி விழும் என்று தெரியாமல் நான் துணி வாங்குவதில்லை. விரலால் தடவிப் பார்க்கிறவர்கள் கட்டிலுக்கு விரிப்பு வாங்கட்டும். எனக்கு அது காற்றில் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. மயிலுக்கென்று நீலப் பட்டு கேட்டேன். அவர் நல்ல மனிதர், தேத்தண்ணீர் கூடத் தந்தார். நான் பட்டின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடையின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு விறுக்கென்று நடந்தேன். போதவில்லை. கடை வாசலுக்கு வந்து இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனேன்.

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை இறக்கி வைத்துவிட்டே பார்த்தார். நான் என்ன களவா எடுத்தேன்? என் தொழிலைச் செய்தேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து சொன்னார்:

"தங்கச்சி, சீலை எடுக்கத்தானே வந்தீங்க? பட்டம் உட வேணுமெண்டா காலிமுகத்துக் கடற்கரைக்குப் போங்க!"

கண்ணாடிக்கு முன்னால்

கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவரின் மனைவி தன் மகளுக்கு ரோசாப்பூச் சட்டை கேட்டு வந்தார். அளவு பார்க்கிற நாளில், "பிள்ளை சில்லுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் ஒருக்கா ஓடட்டும்" என்று கேட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை. பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டை தொங்கியது. தொங்கத்தானே தைத்திருக்கிறேன்! ரோசாப்பூ நிறம் முழுக்கப் பின் மடிப்புக்குள் இருக்கிறது, ஓடினால் வெளியே வரும் என்று மூச்சு முட்ட விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

காட்சி நாளில் பார்க்கிறேன், மடிப்புகளைப் பிரித்து, நிறத்தையெல்லாம் முன்பக்கம் இழுத்து, வீட்டிலேயே குத்தித் தைத்திருக்கிறார். பின்பக்கம் இறுகிப் போய்விட்டது. பிள்ளையால் காலை அகட்ட முடியவில்லை. மற்றப் பிள்ளைகள் பூப்போலச் சுழல, இவள் கைபிடியைப் பிடித்தபடி ஓரமாக ஊர்ந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம்:

"நல்ல துணி எண்டா முன்னுக்கல்லோ தெரியவேணும்? பின்னுக்கு ஒளிச்சு வைக்க இது என்ன கள்ளச் சாமானே, பிள்ளை?"

குதிக்கால் வழக்கு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு பென்சன்காரர் இருந்தார், யாழ்ப்பாணத்தார். அவர் மகளுக்கு ஸ்கேட்டிங் ஆசை. தகப்பனுக்கு மானப் பயம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: மகள் ஓடலாம், ஆனால் குதிக்கால் தெரியக்கூடாது. நானும் சேலைபோல ஒரு சட்டை வெட்டினேன். உள்ளே காற்சட்டை, வெளியே கொசுவம், எல்லாம் ஒரே தையல். சில்லுக்குள் போகாமல் நுனியை உள்ளே மடித்துக் கட்டினேன். அதை யோசித்து முடிக்க எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

பென்சன்காரர் அடிமட்டத்தோடு வந்தார். மகளை வெறுங்காலோடு நிறுத்தி, குனிந்து, நிலத்துக்கும் கரைக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். "பிள்ளை சில்லோடு நிற்கட்டும், அப்போது பாருங்கள்" என்றேன். தேவையில்லை என்றார். பிறகு காட்சி நாள் வந்தது. மகள் சில்லுச் சப்பாத்தை மாட்டி எழும்பினாள். சில்லு ஆளை உயர்த்தத்தானே செய்யும்? ஆள் உயர்ந்தால் கரையும் உயரத்தானே செய்யும்? தகப்பன் முன்வரிசையிலிருந்து எழும்பி, பாண்ட் வாத்தியத்தையும் மீறி, சபை கேட்க என்னைக் கூப்பிட்டார்:

"நான் பார்க்கேக்க குதிக்கால் தெரியேல்லை, இப்ப தெரியுது. மிச்சத் துணியை எங்கை வெட்டி வைச்சிருக்கிறாய்?"

அசையாத மயில்

மயில் சட்டையைப் போட்டு ஆடியவள் டொரின், மெலிந்த ஒரு பறங்கிப் பெட்டை. அவள் திரும்பியபோது தோகை எழும்பியது. மண்டபம் முழுக்க ஒரு மூச்சு விட்டது. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேறு எந்தச் சன்மானமும் எனக்கு அன்று தேவைப்படவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் இன்று சந்தோஷமாக இருப்பேன். பத்திரிகைக்குப் படம் வேண்டுமென்று கொட்டாஞ்சேனையிலிருந்து படப்பிடிப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். இந்தியாக்காரர், கறுத்தத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிறவர். டொரினைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் கம்பம்போல நிறுத்தினார். "அவள் ஓடட்டும், ஓடும்போது எடுங்கள்" என்று நான் மன்றாடினேன். ஓடுகிறதைப் படம் எடுத்தால் புகைதான் விழும் என்றார். அவர் படப்பெட்டியின் குறைக்கு என் மயில் என்ன செய்யும்? டொரின் பாவம், என் முகத்தைப் பார்த்துக் காலைக் கொஞ்சம் உருட்டினாள். துணிக்குள்ளேயிருந்து சத்தம் வந்தது:

"அசையாம நில்லும்மா! நீ அசைஞ்சா மயிலு கெட்டுப்போயிரும்!"

பத்திரிகையில் மழையில் நனைந்த காகம் ஒன்றின் படம் வந்தது. அதற்குக் கீழே என் கணவரின் பெயரைப் போட்டு, இன்னாரின் பாரியார் தைத்த உடுப்பு என்று எழுதியிருந்தார்கள். இவர் வேலை செய்யும் கந்தோரில் சிரித்தார்களாம். ஒரு கிழமையாக இவர் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

றங்குப் பெட்டி

சண்டை வந்தது. மண்டபத்தைப் பட்டாளத்தார் எடுத்து, வழுவழுவென்ற அந்தப் பலகைத் தரையில் மூட்டைகளை அடுக்கினார்கள். காட்சி உடுப்பெல்லாம் ஒரு வண்டியில் என் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஒரு பெரிய றங்குப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் அடுக்கினேன். சட்டைகள், அன்ன வேஷத்தின் செட்டைகள், பாசிமணிகள், நான் வரைந்த தாள்கள், டொரின் பழகும்போது விழுந்த நாளில் கழன்ற ஒரு சில்லு. எல்லாவற்றுக்கும் மேலே மயில்.

அந்த நேரம் பார்த்துத் துணியை அளவாகப் பங்கிடக் கூப்பன் வந்தது. அதன் பிறகு என் வீட்டுக்கு வந்த சனமெல்லாம் என்னைப் பார்க்க வரவில்லை, பெட்டியைப் பார்க்கத்தான் வந்தது. மாதா கோயிலில் யேசு பிறப்புக்குப் போடும் நத்தார் நாடகத்தில், சிறகு வைத்த சம்மனசுக்கென்று அன்னத்தின் செட்டைகளை வாங்கிப்போய், மெழுகு ஊற்றித் திருப்பித் தந்தார்கள். பிரக்கிராசியார் வீட்டார் மண்டபத்திலேயே விட்டுப்போன ரோசாப்பூச் சட்டை யாரோ ஒருத்தியின் தலையணையானது. எல்லோர் வாயிலும் ஒரே சொல்: சும்மா கிடக்கிறதுதானே. ஏன், உங்கள் காப்பும் சங்கிலியும் அலுமாரிக்குள் சும்மா கிடக்கவில்லையா? நான் வந்து கேட்டேனா? கடைசியாக இவரின் தங்கை, வயதுக்கு வந்த மகளின் சாமத்தியச் சடங்குக்கு மயிலை வெட்டித் தாவென்று வந்தாள். மாட்டேன் என்று பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். வாசலில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"மச்சாள், சண்டை நேரத்தில உடுப்பைப் பூட்டி வைக்கிறதும் அரிசியைப் பதுக்கிறதும் ஒண்டுதான்!"

பம்பலப்பிட்டியில் ஒரு பின்னேரம்

நான் இடுப்பில் வைத்திருந்த சாவிக்கு ஒரு சோடி இருக்கிறதென்று எனக்கு நினைவில்லை. இவருக்கு இருந்தது. ஒருநாள் பெட்டியைத் திறக்கிறேன், மயில் இல்லை. கேட்டால், கந்தோரில் பெரிய கிளாக்கர் தன் மகளின் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு ஏதாவது உடுப்பு கேட்டாராம், இவர் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். "பெரியவர் கேட்டால் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்று என்னையே கேட்டார். எனக்கு இல்லையென்று சொல்ல எத்தனை வருடப் பழக்கம் அவருக்கு!

பம்பலப்பிட்டியில் இருக்கும் பெரிய கிளாக்கரின் வீட்டுக்கு நடந்தே போனேன். இருந்த கோபத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியவில்லை. பெரிய கிளாக்கரின் மனைவி நல்ல முகத்தோடுதான் வரவேற்றார். "உங்கட சட்டை பிள்ளைக்கு எடுபடேல்லை, குறத்தி வேஷந்தான் போட்டனாங்கள்" என்றார். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. நல்ல பட்டாக இருக்கிறதே, வீணாக்காமல் குஷனுக்கு உறை தைக்கலாமென்று இருக்கிறாராம். வழி நெடுக அடுக்கிவைத்த பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன்.

அப்போது பக்கத்து விறாந்தையில் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். மகள் ராஜி எங்கேயோ கிடைத்த பழைய சில்லுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஊசிகள் குத்தி, மயிலைப் போட்டுக்கொண்டு வருகிறாள். டொரினின் உயரந்தான் அவளுக்கும். சில்லோடு நின்றதால் கரை எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. மூலையில் அவள் திரும்பினாள். தோகை எழும்பியது. அன்று மண்டபம் விட்ட மூச்சை இன்று நான் தனியே விட்டேன்.

என்னைக் கண்டதும் அவள் தூணைப் பிடித்து நின்றாள். பச்சையும் பொன்னும் மடிப்புக்குள் போய்விட்டன. "பாருங்கோவன், எப்பிடி வாடிப்போய்க் கிடக்குது" என்று தாய் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். "அதை முதலில் உள்ளே கொண்டுபோய் வையுங்கள்" என்றேன். பெரிய கிளாக்கரின் மனைவியிடம் இப்படி ஒருத்தரும் கதைத்திருக்கமாட்டார்கள், ஆனால் அவர் வைத்துவிட்டார். சட்டையைத் திருப்பித் தா என்று கேட்கத்தான் பிள்ளையிடம் போனேன். அவள் பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினாள்:

"அன்ரி, இது நிண்டா வடிவில்லை. ஓடினாத்தான் மயில் வரும். அம்மாவுக்குச் சொன்னா விளங்குதில்லை."

மயில் இப்போது பம்பலப்பிட்டியில் இருக்கிறது, மற்றச் சட்டைகள் பெட்டிக்குள் இருக்கின்றன, இரண்டு சாவியும் என் இடுப்பில் இருக்கின்றன; இனிமேல் சும்மா கிடக்கிறதுதானே என்று கேட்டு வருகிறவர், அது என் கணவரின் தங்கையாக இருந்தாலும் சரி, முதலில் சில்லுச் சப்பாத்தை மாட்டி என் விறாந்தையில் ஒருக்கா ஓடிக் காட்டட்டும்.