எதேச்சாதிகாரமும் மாவு மில் பெல்ட்டும்

மாவு மில்லுக்காரிக்குப் பிறவியிலேயே வெண்கலத் தொண்டை. காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனை திரும்பிப் பார்க்கும். "மெல்லப் பேசுடி" என்று பெற்றவள் சொல்லி ஓய்ந்தாள். புகுந்த வீடு சொல்லி ஓய்ந்தது. அந்தத் தொண்டையை வேண்டும் என்று கேட்டு முதன்முதலாக ஓர் ஆள் வந்தார். தொழிலாளர் சங்கத்துச் செயலாளர்.

"வண்டியில போய் மாநாட்டை அறிவிக்கணும்மா. நாளைக்குச் சாயங்காலம் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. வாய்ல வரலைன்னா, பதிவு பண்ணின குரலையே போட்டுக்கறோம்."

சொல்ல வேண்டியது, 'எதேச்சாதிகார எதிர்ப்பு மாநாடு'. மாநாடு வந்தது, எதிர்ப்பும் வந்தது. அந்த முதல் சொல் மட்டும் அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டிகள் மாதிரி திசைக்கொன்றாய்த் துள்ளியது.

"நாக்குக்குக் கொஞ்சம் கிரீஸ் போடுங்க அண்ணி!" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுக்காரர் நாலெழுத்து படித்தவர். "இங்க பாரு, அது ஒரு சொல் இல்ல, மூணு. யதா, இச்சை, அதிகாரம். வடமொழியிலேருந்து வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. தன் இஷ்டத்துக்கு அதிகாரம் பண்றதுன்னு அர்த்தம்."

"அட, அப்படியே உங்க தங்கச்சி! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

டிவி ரிமோட்டை மடியில் வைத்திருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

பொருள் பிடிபட்டதும் சொல் பாதி சொந்தமாயிற்று. மீதியை மறுநாள் மில் கொடுத்தது. பெல்ட்டின் ஒட்டு சக்கரத்தில் இடிக்கும் ஒவ்வொரு தடக்குக்கும் ஓர் அசை. எ, தேச், சா, தி, கா, ரம்! சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாய் கொண்டு வந்தவளிடம், "எதேச்சாதிகாரமா அரைச்சிடறேன்!" என்றாள். "வேணாம்மா, நைசா அரைச்சாப் போதும்" என்று அவள் பயந்துபோனாள்.

சாயங்காலம் சங்கத்து வாசலில் வண்டி நின்றது. கூட்டம் கப்சிப். மில்லுக்காரி மைக்கைப் பிடித்தாள்.

"எதே... எதேச்... சே!"

மில் இரைச்சலிலேயே பழகிய வாய்க்கு அந்த அமைதி ஆகவில்லை. செயலாளரின் விரல் பதிவுக் குரலின் பொத்தானுக்குப் போனது. "மாவு அடைச்சுக்கிச்சா அண்ணி?" என்று கூட்டத்திலிருந்து நாத்தனார்.

"விரலை எடுங்க ஐயா! டிரைவரண்ணே, வண்டியைக் கிளப்புங்க!"

எலும்பும் தோலுமான அந்தப் பழைய வண்டி தடக் தடக் என்று உதறிக்கொண்டு எழுந்தது. அவள் கண்ணை மூடினாள். "எதேச்சாதிகார எதிர்ப்பு மாநாடு! வாங்க, எல்லாரும் வாங்க!"

காக்கைகள் பறந்தன. எதிர்வீட்டு மாடி ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

"மைக்கை இன்னும் போடவே இல்லையேம்மா..." என்று செயலாளர் காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். "ஏறுங்க, ஏறுங்க, நீங்கதான்!"

நாத்தனாரும் ஓடிவந்து தொற்றினாள். "நகருங்க அண்ணி, ஜன்னல் சீட்டு எனக்கு."

"பின்னாடி போடி. ஜன்னல் எனக்குத்தான். என் இஷ்டம், என் அதிகாரம்!"

வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு போனது.