பெரியம்மா ஊட்டாத இடியப்பம்

2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு, லிங்கநகரில் எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவது நிறுத்தப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூட விடுமுறை.

பெரியப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். பாரிசவாதம் வந்து ஆசுபத்திரியில் கிடந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரங்களாகியிருந்தன. விழுங்குவதில் குறையில்லை, வலது கைதான் மடியில் அப்படியே கிடந்தது. நோயாளியிடம் அன்பு காட்ட எங்கள் வீட்டாருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: அவரை எதையும் செய்ய விடாதிருப்பது. அம்மா தலை வாரிவிட்டார். அப்பா சட்டைப் பொத்தான்களைப் பூட்டினார். பெரியம்மா குழைத்து, உருட்டி, ஊட்டினார். பார்க்க வந்தவர்கள், பெரியப்பாவின் வாயில் சோறு இருக்கும்போதே, பெரியம்மாவின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். பெரியப்பாவோ வரவர இரண்டு வாயோடு "காணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் அன்று வழக்கத்தைவிட வேளைக்கே வந்துவிட்டார். ஊட்டுவதை வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தார்.

"அன்ரி, அங்கிள் பென்சன் எடுத்தது சரி. அவர்ட கைக்கும் நீங்க பென்சன் குடுத்திட்டீங்களே."

"நான் இருக்கேக்க அவர் ஏன் மிஸ் கஷ்டப்படோணும்?"

இந்த மாதங்களில் வேலை கொடுக்காவிட்டால் அந்தக் கை இப்படியே நின்றுவிடக்கூடும் என்றார் மிஸ். இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் குழைப்பதைவிட நல்ல பயிற்சி தன்னிடம் இல்லை என்றும் சொன்னார்.

பெரியம்மா கீழ்ப்படிந்தார், தம்முடைய முறையில். குசினிக்குள்ளேயே இடியப்பத்தைப் பிய்த்து, குழைத்து, உருண்டைகளாக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். மிஸ் அவற்றைக் கோழிகளுக்கு அனுப்பிவிட்டு முழு இடியப்பம் கேட்டார்.

பெரியப்பா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "எல்லாரும் அங்கால போங்கோ," என்றார். நாக்குக் குழறினாலும் அது கட்டளைதான்.

மிஸ் மட்டும் பக்கத்தில் இருந்தார். நாங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றோம். முதலில் விரல்கள் தட்டைத் தள்ளின. பிறகு சொதி அவர் உடுத்திருந்த சாரத்தில் ஊற்றுண்டது. இடது கை உதவிக்குக் கிளம்பியபோது மிஸ் அதை மெல்லப் பிடித்துவைத்துக்கொண்டார். பெரியம்மா ஓடிப்போகப் பார்த்தார். அம்மா அவருடைய சேலைத் தலைப்பை விடவில்லை. நெடுநேரத்துக்குப் பின், விரலிடுக்கில் ஒட்டிய சில இழைகள் உதடுவரை போயின. பாதி தாடியில் தங்கிற்று. மீதியை அவர் மென்றார். எவரும் சொல்லாமலே கை மறுபடியும் தட்டுக்கு இறங்கியது.

வெகுநேரம் கழித்து, "இன்னொண்டு வையுங்கோ," என்றார்.

பெரியம்மா வைத்துவிட்டு வந்து, அடுப்பங்கரையில் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை. தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொடுமையாகப் பட்டது. தாம் ஊட்டுவதற்கு இனி ஆளில்லை என்றுதான் பெரியம்மா அழுகிறார் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

மறுநாட் காலை, நான் பெரியம்மாவுக்கு முன்னால் போய் அமர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தேன்.