பாலத்துக்கு அடியில் ஒரு முழம்

கோமளத்துக்கு அந்தப் படகைப் பிடித்ததில்லை. பிடிக்காமல் போனதும் இல்லை. வீட்டோடு தங்கிவிட்ட தூரத்து உறவுக்காரர் மாதிரி அது. சாப்பாடு கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தின்றுவிடும்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சராக இருந்தாள். வகுப்பு, விடைத்தாள், மாமியாரின் கஷாயம், மகனின் டியூஷன் என்று வருஷங்கள் போயின. மகன் டொரண்டோவுக்குப் போனான். மாமியார் போய்ச் சேர்ந்தார். இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்று அவள் நினைத்த வருஷத்தில்தான் கணவர் சந்திரமௌலி படகு கட்ட ஆரம்பித்தார்.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். மற்றவர்கள் கட்டப்போவதை வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் கோட்டூர்புரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி நண்பர் ஒருவரின் காலி மனையில் கொட்டகை போட்டார். மரப்பலகையும் பிசினும் வந்து இறங்கின.

"எதுக்கு இது?" என்று கேட்டாள்.

"கட்டிப் பாக்கணும்" என்றார்.

படகு ஓட்ட அவருக்குத் தெரியாது. நீந்தவும் தெரியாது. பாய்மரப் படகுதான் வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். ஒரு வருஷத்தில் முடியும் என்றார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னார். படகு முடிகிற சமயத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடை சுருங்கியது, குரலும் சுருங்கியது. ஒரு காபி டம்ளரைத் தூக்குவது பெரிய வேலையாயிற்று. கொட்டகைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து படகைப் பார்த்துவிட்டு வருவார். கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் கோமளம். ஆட்டோ, வழக்கமாக வருகிற வாஜித்துடையது.

அந்த நண்பர் இறந்தார். அவருடைய மகள்கள் மனையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் மரியாதையாகத்தான் பேசினார். திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது, அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்கள் உடைத்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்றார். சந்திரமௌலி கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை, "உடைக்கப்படாது" என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

உடைக்கக் கூடாது. சரி. கோமளம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

ராயப்பேட்டையில் ஃபைபர் படகு பழுது பார்க்கிற ஹம்மாத் கிடைத்தார். நாற்பது வயது, வெற்றிலை போடுகிறவர். இத்தனை நாளும் படகுக்குப் பிசின் கொடுத்தவர் அவர்தான். கோவளத்தில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, நானே கொண்டுபோய் அங்கே சேர்த்துவிடுகிறேன் என்றார். கொட்டகைக்கு வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "மாமா நல்லா பண்ணிக்கிறாரு" என்றார். பிறகு பாய்மரத்தின் அடியில் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"மாமி, இது படுக்கவே படுக்காதா?"

"என்னது படுக்காதா?"

"மரம். பாலம் வந்தா மரத்தப் படுக்க வெச்சு, தாண்டினதும் நிமித்தணும். அதுக்கு ஒரு ஆணி வெப்பாங்க. மாமா வரைஞ்ச படத்துல ஆணி கீது. இங்க ஆணிய காணோம். பிசின ஊத்தி மெழுகி வெச்சிருக்குது. நான் குடுத்த பிசின்தான். கல்லு மாதிரி கீது."

கோமளம் கணவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் இருந்தார்.

"ஏன் ஊத்தினேள்?"

"நீ சொன்னே."

அவள் அந்தப் படகு விஷயத்தில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்திருந்தாள். மரம் நிறுத்துகிற நாளன்று. வீட்டுக்கு வாசற்கால் வைக்கிற மாதிரிதானே இது, நாள் பார்த்து வையுங்கள் என்றாள். அவள் கேட்டதே அவருக்குச் சந்தோஷம். தெரிந்த சாஸ்திரிகள் ஒருவரைக் கூட்டி வந்தார். மாவிலை கட்டி, அடியில் நவரத்தினப் பொட்டலம் வைத்து, பால் விட்டு நிறுத்தினார்கள். அவளும் குங்குமம் வைத்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "வாசக்கால் வெச்சா அசைக்கப்படாது. ஆட்டமா இருக்கே, கெட்டியாப் பண்ணுங்கோ." அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பிசினை ஊற்றியிருக்கிறார்.

"நான் ஏதோ சொன்னா அப்படியே செய்யறதா? வேற எதுல நான் சொன்னதைக் கேட்டேள் நீங்க?"

ஹம்மாத் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அறுத்துடலாமா?" என்றாள் கோமளம்.

"அறுக்கலாம் மாமி. அறுத்தா மரம் போச்சு. பாயும் கம்பியும் இந்த மரத்துக்கு அளவெடுத்தது. ஒட்டுப் போட்டா காத்துல நிக்காது. அப்புறம் கோவளத்துல வாங்க மாட்டான். வெறும் மரக்கட்டைன்னுவான்."

லாரியில் ஏற்ற முடியாது. சந்தில் மின்கம்பி. ஆற்றோடு போனால் நடுவில் அடையாறு பாலம். பாலத்தைத் தாண்டிவிட்டால் முகத்துவாரம், கடல்.

ஊரூர் குப்பத்திலிருந்து கபாலியை ஹம்மாத் கூட்டி வந்தார். கபாலி மீன் பிடிக்கிறவர். இந்த ஆற்றில் எத்தனையோ தடவை போய் வந்தவர். மழைக்கு முன்னால் முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்திருந்தார்கள். கடல் வற்றும்போது ஆறும் வற்றும் என்றார். "காலைல தண்ணி நல்லா கீழ எறங்கிடும் மாமி. அப்ப தாராளமா பூந்து போவலாம். நீ இன்னாத்துக்குக் கவலப்படற?"

"அளந்து பாத்தேளா?"

"கண்ணால பாத்தா தெரியாதா எனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை. படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அது மிதந்தது. சந்திரமௌலி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அந்த முகம் இப்போதெல்லாம் எதற்கும் மாறுவதில்லை. வாஜித் அவரை ஆட்டோவில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டுபோனார். அங்கே நடைபாதையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று பார்ப்பதாக ஏற்பாடு. கோமளம் இன்னொரு ஆட்டோவில் போய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால், கரையில் இறங்கிக்கொண்டாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேலே போனால் அவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். நின்றால் பேசாமல் நிற்க வேண்டியிருக்கும்.

கரை நாறியது. படகு வந்தது. ஹம்மாத் சுக்கானில், கபாலி முன்னால் துடுப்புடன். கபாலியின் தம்பி தன் ஃபைபர் படகில் பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து, ஓட்டத்தில் வேகம் எடுக்காமல் இழுத்துக்கொண்டு வந்தான். பாலத்தை நெருங்கினார்கள். கபாலி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இழுறா! இழு, இழு, இழு!"

மரத்தின் நுனி பாலத்து உத்தரத்துக்கு முன்னால் நின்றது. தாராளமெல்லாம் இல்லை. உத்தரத்தைவிட மரம் ஒரு முழம் உயரம். தம்பி இழுத்துப் பிடித்ததால் இடிக்கவில்லை. படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"கண்ணால பாத்தியே" என்றார் ஹம்மாத்.

"நேத்து பாத்தப்ப பாலம் ஒசரமா இருந்துச்சு."

"பாலம் குள்ளமாயிடுச்சா நைனா?"

"சும்மா இரு ஹம்மாத். சாச்சுதான் போவணும். ஒரு பக்கமா ஆளு குந்தினா படகு சாயும். படகு சாஞ்சா மரமும் சாயும். ஒரு முழம் கொறைஞ்சுடும்."

கரையில் மண்மூட்டைகள் கிடந்தன, எதற்கோ யாரோ அடுக்கியவை. கிடந்த நாலைந்தையும் தூக்கிப் படகின் வலது ஓரத்தில் போட்டார்கள். கபாலியும் அதே ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். படகு சாய்ந்தது. மரமும் சாய்ந்தது. ஹம்மாத் கரையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாலத்தையும் மரத்தையும் பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் பத்தாது."

"தம்பிய ஏத்து."

"அவன் ஏறினா கயித்த யாரு பிடிப்பா? நான் சுக்கான்ல நிக்கணும்."

தண்ணீர் வற்றுவது நின்றிருந்தது. கோமளம் அதைக் கவனித்தாள். கரையிலிருந்து மேலே போகிற படிக்கட்டில் ஈரக்கோடு அசையவில்லை. இனி ஏறும். ஏறினால் இன்றைக்கு இல்லை. நாளைக்குப் பொக்லைன். நாளைக்கு அவர் சாப்பிட மாட்டார். அவள் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறங்கோ, வாயைத் திறங்கோ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பிலேயே அவளுக்கு உடம்பு வலித்தது.

"நான் வரேன்" என்றாள்.

"எங்க?"

"எவ்வளவு வெயிட் வேணும் உங்களுக்கு?"

கபாலி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ போதும் மாமி" என்றார். உடனே, "தப்பா சொல்லல" என்றார்.

"சொன்னாலும் பரவாயில்லை. கையைக் குடு."

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முழங்கால்வரை போயிற்று. செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. ஹம்மாத் பின்னாலிருந்து தள்ள, கபாலி முன்னாலிருந்து இழுக்க, மூட்டையைப் போல ஓரத்தில் போய் விழுந்தாள். இதற்கு முன் அவள் அந்தப் படகில் ஏறியதில்லை.

"வெளிய பாத்து சாஞ்சு குந்து மாமி. கயித்த பிடிச்சுக்கோ. இன்னும் சாயி. பயப்படாத, நான் கீறேன்."

"பயமெல்லாம் இல்லை. முதுகு பிடிச்சுண்டிருக்கு."

ஹம்மாத் ஏறிச் சுக்கானைப் பிடிக்க, ஆற்றின் இழுப்பில் படகு ஓடத் தொடங்கியது. தண்ணீர் அவள் இடுப்பருகில் வந்து நனைத்தது. கறுப்பான, கெட்டியான தண்ணீர். பாலத்தின் நிழல் வந்தது. மேலே பஸ் போகிற அதிர்ச்சி தலைக்குள் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரத்தின் நுனி கான்கிரீட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, ஒரு பூசணிக்கீற்று அளவுக்கு வெளிச்சம். ஏதோ உரசியது. நுனியில் பாய்க்கயிறு ஓடுகிற கப்பி உடைந்து அவள் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது.

"நகராத!" என்றார் கபாலி. "யாரும் நகராத!"

யாரும் நகரவில்லை. கோமளம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு ஆள் கனம். அதற்குத்தான் ஏறியிருந்தாள். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை, கனமாக இருந்தால் போதும். ரொம்ப நாளாக அவளிடம் இவ்வளவு குறைவாக யாரும் கேட்டதில்லை என்று தோன்றியது. தூக்கம்கூட வந்தது.

கண்ணைத் திறந்தபோது வெயில் அடித்தது. "மெதுவா நடுவுல வா மாமி" என்று கபாலி கையை நீட்டினார். எல்லோரும் நகர்ந்தார்கள். மண்மூட்டைகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். மரம் நிமிர்ந்தது.

"முகத்துவாரம் வரிக்கும் வாயேன்" என்றார் கபாலி. "அங்க பழைய பாலம் ஒண்ணு கீது, நடுவுல ஒடஞ்சு தொறந்து கெடக்குது. அதத் தாண்டினா கடலு தெரியும். இவ்ளோ தூரம் வந்துட்டு."

"என்னை இறக்கிவிட்டுடுங்கோ. அவருக்குக் கஞ்சி குடுக்கணும்."

இறக்கிவிட்டார்கள். ஹம்மாத் என்னவோ நன்றி சொல்ல வந்தார்; அவள் கையை ஆட்டிவிட்டு நடந்தாள். ஒரு காலில் செருப்பு. அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். படியேறி மேலே வந்தால் பாலத்தின் கடல் பக்கத்து ஓரத்தில் யாரும் இல்லை. நடுவில் வண்டிகள். சிக்னல்வரை போய், நின்று, கடந்து, மறுபடி நடந்து வந்தாள்.

சந்திரமௌலி கோட்டூர்புரம் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். வாஜித் அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தார்.

"அந்தாண்ட இட்டுனு போலாம்னு பாத்தேன் மாமி. வண்டிக்காரன் எவனும் வுடல. போலீஸ் வேற, ஆட்டோவ எடு எடுன்றான். மாமா அசைய மாட்டேன்னுட்டாரு. மர நுனி உள்ள போனத மட்டும்தான் பாத்தாரு, படகுல யாரு கீறாங்கன்னு இங்கேந்து தெரியல."

சந்திரமௌலி திரும்பினார். அவளுடைய புடவையைப் பார்த்தார். இடுப்புவரை கறுப்பு. வெறுங்கால்.

"ஒடிஞ்சுடுத்தா?"

"இல்லை."

"முழுசாவா போறது?"

"முழுசா."

அவர் நம்பவில்லை. அல்லது அந்த முகம் நம்பிக்கையைக் காட்ட மறந்திருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நான் அதுலதான் இருந்தேன்."

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார்.

"எப்படி இருந்தது?"

கோமளம் யோசித்தாள். சொல்வதற்கு நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"சாஞ்சு இருந்தது" என்றாள். "ஏறுங்கோ, நாழியாச்சு."

வாஜித் ஆட்டோ சீட்டில் பேப்பரை விரித்தார்.